பூட்டைத் திறக்கப்போவது யார்? தனித்திறன் பாத்திரங்களும் பலதிறன் பாத்திரங்களும்

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கதையாக ஆடும் டேபிள்டாப் ஆட்டம் ஒன்றைப் புதிதாகத் தொடங்கும் கேம் மாஸ்டர் (கதையை நடத்துபவர்) எடுக்கிற முடிவுகளில் பெரும்பாலானவற்றைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். அரசனின் வயது, நிலவறையின் வரைபடம், காட்டில் திரியும் பூதங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை அடுத்த அமர்வுக்குள் மாற்றி எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை. எந்தக் கிளாஸ்களை (போர்வீரன், மந்திரவாதி, திருடன் போன்ற பாத்திர வகைகளை) அனுமதிப்பது, ஒரே பாத்திரத்தை எத்தனை வேலைகள் செய்ய விடுவது என்ற முடிவு அப்படிப்பட்டதல்ல. ஆடுபவர் மாதக்கணக்கில் அந்தப் பாத்திரத்தோடு வாழப்போகிறார். அதன் குறையை ஒவ்வொரு வாரமும் சுமக்கப்போகிறார். ஆகவே ஒரே வேலையில் ஆழ்ந்த தனித்திறன் கிளாஸ்களால் குழுவை அமைப்பதா, பல வேலைகளையும் ஓரளவு செய்யும் பலதிறன் கிளாஸ்களுக்கு இடம் கொடுப்பதா, இரண்டையும் கலப்பதென்றால் என்ன விலைக்குக் கலப்பது என்பவற்றை முதல் பகடை உருளும் முன்பே எண்ணிப் பார்த்துவிட வேண்டும்.

இந்தக் கட்டுரையில் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்திலிருந்தே வருகின்றன. 1974-இல் வெளியான அந்த ஆட்டம், பதிப்புக்குப் பதிப்பு இந்தக் கேள்விக்கு வேறு வேறு விடைகளை முயன்று பார்த்திருக்கிறது என்பதே அதற்குக் காரணம். நாம் இன்று மேசையில் எடுக்கவிருக்கும் முடிவு எதுவாக இருந்தாலும், அதை ஏற்கெனவே யாரோ எடுத்து, அதன் பலனையும் பட்டிருக்கிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் நடத்திய ஆட்டம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய விதிமுறைகளைப் பின்பற்றி ஆடிக்கொண்டிருந்தோம். திருடன் பாத்திரத்தை ஏற்றிருந்தவர் மூன்று அமர்வுகளாக ஒரு கதவுக்காகக் காத்திருந்தார். பாழடைந்த கோபுரத்தின் உச்சியில் இருந்த இரும்புக் கதவு அது. அதைப் பற்றிய வதந்திகளை நான்தான் ஊர் ஊராகப் பரப்பி வைத்திருந்தேன். கதவருகே குழு வந்து சேர்ந்ததும் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பகடைகளை உள்ளங்கையில் வைத்துக் குலுக்கத் தொடங்கினார். அதற்குள் மந்திரவாதியாக ஆடியவர் தம் தாளில் பூட்டுத் திறக்கும் மந்திரம் எழுதியிருந்த வரியைப் பென்சிலால் அடித்துவிட்டு, கதவு திறந்துவிட்டதாக அறிவித்தார். விதிப்படி அது சரிதான். திருடனாக ஆடியவர் பகடைகளை உருட்டாமலே மேசைமேல் வைத்தார். அன்று இரவு அவர் அதிகம் பேசவில்லை.

அந்தத் தருணத்தில் பிழை செய்தவர் மந்திரவாதியாக ஆடியவர் அல்லர். அந்தக் கதவைத் திருடனுக்காக எழுதிவிட்டு, அதே வேலையைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் செய்து முடிக்கும் வழியை இன்னொருவர் கையிலும் கொடுத்திருந்த நான்தான். பலதிறன் என்பதே ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். ஒருவர் பல வேலைகளைத் தெரிந்து வைத்திருப்பதால் யாருக்கும் கெடுதல் வருவதில்லை. ஒரு வேலைக்காகவே பிறந்த பாத்திரத்தை, அதே வேலையில், விலை ஏதும் கொடுக்காமல் இன்னொருவர் மிஞ்சும்போதுதான் மேசை உடைகிறது. கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்த ஒரு அளவுகோலால்தான் அளந்திருக்கிறேன்.

பெயரளவில் தனித்திறன்

முதல் வழி, ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரே வேலையை ஒதுக்கிவிடுவது. 1974-ஆம் ஆண்டின் தொடக்க விதிகளில் மூன்றே கிளாஸ்கள் இருந்தன: வாளேந்துபவர், மந்திரம் ஓதுபவர், இரண்டுக்கும் நடுவே நின்று குணப்படுத்தும் கிளெரிக். அடுத்த ஆண்டு வந்த இணைப்பு நூலில் திருடன் சேர்ந்தான். பூட்டைத் திறப்பதும் பொறிகளைக் கண்டறிவதும் ஓசையின்றி நடப்பதும் அவனுக்கென்று எண்களால் எழுதி வைக்கப்பட்ட வேலைகளாயின. எல்லாரும் முயலக்கூடிய வேலைகளாக இருந்தவை அன்றுமுதல் ஒருவனுக்கு உரியவையாக மாறிவிட்டன என்ற குறை எழுந்தது. இன்றும் அந்த வாதம் ஓயவில்லை.

கொள்கையளவில் இந்த வழி நேர்மையானது. அவரவருக்கு அவரவர் நேரம் நிச்சயம் வரும். ஆனால் எண்களைப் பார்த்தால் கதை மாறுகிறது. 1981-ஆம் ஆண்டின் அடிப்படை விதிகளில் முதல் லெவலில், அதாவது அனுபவப் புள்ளிகள் சேரச் சேர உயரும் படிகளில் முதல் படியில், இருக்கும் திருடன் பூட்டைத் திறக்கும் வாய்ப்பு 15 சதவீதம், பொறியைக் கண்டறியும் வாய்ப்பு 10 சதவீதம். தோற்றுவிட்டால் அடுத்த லெவலை எட்டும்வரை அதே பூட்டை மறுபடி தொட முடியாது. மந்திரவாதிக்குப் பூட்டுத் திறக்கும் மந்திரம் மூன்றாம் லெவலில் கிடைக்கிறது. அதற்கு 5000 அனுபவப் புள்ளிகள் தேவை. அதே 5000 புள்ளிகளைச் சேர்த்த திருடன் நான்காம் லெவலில் இருப்பான்; அவனுடைய வாய்ப்பு அப்போதும் 30 சதவீதம்தான். அதாவது வாழ்நாள் முழுவதும் பூட்டுகளோடு பழகியவன் பத்தில் மூன்று முறை திறப்பான்; புத்தகம் படித்தவர் நாளுக்கு ஒருமுறை தவறாமல் திறப்பார். நாளுக்கு ஒருமுறை என்பது மெய்யான விலைதான். அந்த மந்திரத்தைத் தேர்ந்தெடுத்தவர் வேறொன்றை விட்டுக்கொடுத்திருக்கிறார். ஆனால் கதையில் முக்கியமான பூட்டு ஒரு நாளில் ஒன்றுதானே வருகிறது?

தனித்திறன் கிளாஸ்களை மட்டும் அனுமதிப்பதென்று முடிவெடுப்பவர் இந்த இடத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரே வேலையைக் கொடுத்துவிட்டு, அந்த வேலையிலும் அவரைத் தடுமாற விட்டால், அவருக்குக் கொடுத்தது பெயர் மட்டுமே. மற்ற எல்லாவற்றிலும் பின்தங்கச் சம்மதித்தவருக்கு, தம் வேலையில் முதலிடம் என்பது சலுகை அல்ல, உரிமை.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு இதை ஓரளவு உணர்ந்து திருத்தியது. பூட்டுத் திறக்கும் மந்திரம் இப்போதும் உண்டு. ஆனால் அதைச் செலுத்தியதும் 300 அடி தூரம் வரை கேட்கும்படி ஒரு பலத்த தட்டொலி எழுகிறது. கதவு திறக்கும், காவலர்களும் எழுந்துவிடுவார்கள். ஓசையின்றித் திறக்க வேண்டுமானால் திருடனைத்தான் கூப்பிட வேண்டும். பலதிறனை வெட்டிக் குறைக்காமல், அதற்கு ஒரு விலையை ஒட்டிவைத்து, தனித்திறனின் மதிப்பை மீட்ட திருத்தம் இது. இவ்வளவு சிறிய வாக்கியம் இவ்வளவு பெரிய வேலையைச் செய்வதை நான் விதிநூல்களில் அதிகம் கண்டதில்லை.

எண்கள் சொல்வது

2014-ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு விதிகளில் தனித்திறனுக்கும் பலதிறனுக்கும் நல்ல எடுத்துக்காட்டுகள் ரோக் என்னும் திருடனும் பார்டு என்னும் பாணனும். ரோக் தாம் தேர்ந்தெடுத்த சில திறன்களில் தேர்ச்சிப் போனஸை (பயிற்சிக்காகப் பகடையோடு கூட்டும் எண்ணை) இரட்டிப்பாக்கிக்கொள்கிறார். பாணருக்கோ இரண்டாம் லெவலிலேயே, தேர்ச்சி இல்லாத எல்லாச் சோதனைகளிலும் அந்தப் போனஸில் பாதி கிடைத்துவிடுகிறது. ஒருவர் ஆழ உழுகிறார், மற்றவர் அகல உழுகிறார்.

ஐந்தாம் லெவலில் இருவரையும் ஒரு பூட்டின் முன் நிறுத்துவோம். 20 முகப் பகடையில் விழும் எண்ணோடு அவரவர் கூட்டலைச் சேர்த்துப் பூட்டின் இலக்கு எண்ணை எட்ட வேண்டும். ரோக்கின் சுறுசுறுப்பு 18 என்றால் அதற்கு +4, இரட்டிப்பான தேர்ச்சிக்கு +6, மொத்தம் +10. பாணரின் சுறுசுறுப்பு 14 என்றால் +2, பாதித் தேர்ச்சிக்குக் கீழ்நோக்கி முழுமையாக்கிய +1, மொத்தம் +3. பூட்டின் இலக்கு எண் 15 ஆனால் ரோக் 80 சதவீதமும் பாணர் 45 சதவீதமும் வெல்வார்கள். எந்தப் பயிற்சியும் இல்லாத, சுறுசுறுப்பு 10 உள்ள போர்வீரருக்கு 30 சதவீதம். இலக்கு எண் 20 ஆனால் ரோக்குக்கு 55, பாணருக்கு 20. பதினோராம் லெவலில் ரோக்குக்கு இன்னொரு திறன் கிடைக்கிறது: தேர்ச்சியுள்ள சோதனையில் பகடையில் 9 அல்லது அதற்குக் கீழ் விழுந்தாலும் அதை 10 என்றே எண்ணிக்கொள்ளலாம். அப்போது சுறுசுறுப்பை 20-க்கு உயர்த்தியிருந்தால் அவருடைய கூட்டல் +13. ஆகவே 23-க்குக் குறைந்த விடையே அவருக்கு வராது. இலக்கு எண் 20 உள்ள பூட்டு அவருக்குப் பூட்டே அல்ல.

இந்த எண்களில் எனக்கு மிகவும் பிடித்தது பாணரின் 45 சதவீதம். அது ரோக்கை அச்சுறுத்தும் எண் அல்ல. கையைக் கட்டிக்கொண்டு நிற்க வைக்கும் எண்ணும் அல்ல. ரோக் இல்லாத குழுவில், ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பதுபோல, அது போதுமானதாகிவிடுகிறது. பலதிறன் கிளாஸ் ஒன்று சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க நான் கையாளும் சோதனை இதுவே: நிபுணர் பக்கத்தில் இருக்கும்போது அவரை நாட வேண்டும், இல்லாதபோது துணிந்து முயல வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும் எண்களைத் திருத்த வேண்டியிருக்கும். (பாணரும் மூன்றாம் லெவலில் இரண்டு திறன்களை இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர் அவற்றைப் பேச்சுக்கும் இசைக்கும் வைத்துக்கொண்டால் யாருக்கும் குறையில்லை. ரோக்கின் திறன்களையே எடுத்துக்கொண்டால் இருவரையும் உட்கார வைத்துப் பேச வேண்டும்.)

ஒரு கூட்டமாகச் செய்யும் வேலைகளில் கணக்கு தலைகீழாகிறது. நான்கு பேர் கொண்ட குழு காவலர்களைத் தாண்டி ஓசையின்றிப் போக வேண்டும்; ஒருவருக்கு 80 சதவீதம், மற்ற மூவருக்கும் 45 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நால்வரும் தனித்தனியே வென்றாக வேண்டுமென்றால் குழு தப்பும் வாய்ப்பு ஏறத்தாழ 7 சதவீதம்தான். நிபுணரின் நிபுணத்துவம் அங்கே வீணாகிறது, ஏனென்றால் சங்கிலி அறுவது வேறு கண்ணியில். ஐந்தாம் பதிப்பில் இதற்கென்றே குழுச் சோதனை என்ற விதி இருக்கிறது: பாதிப்பேர் வென்றாலே குழு வென்றதாகக் கொள்ளலாம். அதே எண்களை அந்த விதியில் போட்டால் வாய்ப்பு 75 சதவீதமாக உயர்கிறது. தனித்திறன் பாத்திரங்களை ஊக்குவிக்க விரும்பும் கேம் மாஸ்டர், இந்த விதியைக் கையாளாமல் விட்டால், மறைந்து நடக்கும் நிபுணரை என்றுமே தனியாக அனுப்ப வேண்டியிருக்கும். மற்றவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கலப்புக்கு என்ன விலை

போர்வீரனாகவும் மந்திரவாதியாகவும் ஒரே ஆள் இருக்க விரும்புவது இந்த ஆட்டத்தில் மிகப் பழைய ஆசை. அந்த ஆசைக்கு விதிமுறைகள் வைத்த விலைகளை ஒப்பிடுவதுதான் இந்த விஷயத்தின் மிகச் செழிப்பான பகுதி என்பது என் எண்ணம்.

1981-ஆம் ஆண்டு விதிகளில் எல்ஃப் என்ற மனிதரல்லாத இனமே ஒரு கிளாஸ். வாளும் மந்திரமும் இரண்டும் அவருக்குக் கூடும். விலை, வளர்ச்சியின் வேகம்: இரண்டாம் லெவலுக்குப் போர்வீரனுக்கு 2000 புள்ளிகளும் மந்திரவாதிக்கு 2500 புள்ளிகளும் போதுமாயிருக்க, எல்ஃபுக்கு 4000 வேண்டும், பத்தாம் லெவலோடு அவர் வளர்ச்சி நின்றும்விடும். விலை வெளிப்படையாக இருக்கிறது. ஆடுபவர் அதைத் தெரிந்தே ஏற்கிறார். அந்த வெளிப்படைத்தன்மைக்காக இன்றும் நான் இந்த விதியை மதிக்கிறேன்.

அட்வான்ஸ்டு என்ற பெயரில் தனியாக வந்த விதிகளில் மனிதரல்லாத பாத்திரங்கள் இரண்டு கிளாஸ்களில் ஒரே நேரத்தில் வளரலாம். பெறும் அனுபவப் புள்ளிகளைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கேட்பதற்குக் கடுமையான விலை. ஆனால் 1989-ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்புப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். போர்வீரனுக்கு இரண்டாம் லெவலுக்கு 2000, மூன்றாவதற்கு 4000, நான்காவதற்கு 8000, ஐந்தாவதற்கு 16000 என்று புள்ளிகள் இரட்டிப்பாகிக்கொண்டே போகின்றன. 16000 புள்ளிகள் பெற்ற முழுப் போர்வீரன் ஐந்தாம் லெவலில் இருப்பான். அதே 16000-ஐப் பாதியாகப் பிரித்த கலப்புப் பாத்திரமோ போர்வீரனாக நான்காம் லெவலிலும் மந்திரவாதியாக மூன்றாம் லெவலிலும் இருக்கும். முழு மந்திரவாதிகூட அப்போது நான்காம் லெவல்தான். தேவை இரட்டிப்பாகும் பட்டியலில் பாதிப் புள்ளி என்பது ஒரே ஒரு லெவல் குறைவு. பாதி விலை கொடுப்பதாகத் தோன்றும் இடத்தில் உண்மையில் கொடுக்கப்படுவது மிகச் சொற்பம். இரட்டிப்பு நிற்கும் உயர்ந்த லெவல்களில்தான் அந்த விலை தன் முழுப் பாரத்தையும் காட்டும். அதுவரை பல கேம்பெயின்கள் (அமர்வு அமர்வாகத் தொடரும் ஆட்டக் கதைகள்) நீடிப்பதே இல்லை.

2000-ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பு எல்லாக் கிளாஸ்களுக்கும் ஒரே அனுபவப் பட்டியலை வைத்தது. எந்த லெவலில் வேண்டுமானாலும் எந்தக் கிளாஸையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. சுதந்திரம் பெருகியது. அதே சமயம் விலை எதிர்த்திசையில் ஏறியது. பத்தாம் லெவலில் பாதிப் பாதியாகக் கலந்தவர் ஐந்தும் ஐந்துமாக நிற்கிறார். பழைய பட்டியலில் ஒரு லெவல் பின்தங்கியிருப்பார், இங்கே ஐந்து லெவல் பின்தங்குகிறார். மந்திரவாதியின் மந்திரங்களையும் கிளெரிக்கின் மந்திரங்களையும் சேர்த்து ஓத விரும்புபவர்களுக்கென்று அந்தப் பதிப்பு தனியாக ஒரு கிளாஸையே உருவாக்க வேண்டியிருந்தது. அந்தப் பதிப்பின் திருத்தமான 3.5 விதிகளில் அந்தக் கிளாஸுக்குள் நுழையும் ஏழாம் லெவலில், மூன்று லெவல் மந்திரவாதியும் மூன்று லெவல் கிளெரிக்குமாக வந்தவர் இரண்டாம் நிலை மந்திரங்களையே ஓதிக்கொண்டிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முழு மந்திரவாதி நான்காம் நிலையில் இருப்பார். இதே பதிப்பின் ட்ரூயிட் கிளாஸோ (இயற்கை மந்திரம் ஓதுபவர்), விலங்குத் துணையையும் விலங்கு உருவெடுக்கும் ஆற்றலையும் முழு மந்திர வளர்ச்சியையும் ஒரே கிளாஸுக்குள் வைத்துக்கொண்டு எந்த விலையும் கொடுக்கவில்லை. அங்கே ஒரு போர்வீரன் தன் வாளைக் காட்டிலும் ட்ரூயிடின் கரடி பயனுள்ளது என்று உணரும் நாள் வந்தே தீரும். பலதிறனுக்கு இரண்டு வாசல்கள் வைத்து, ஒன்றில் கடுஞ்சுங்கமும் மற்றொன்றில் இலவச அனுமதியும் கொடுத்தது அந்தப் பதிப்பின் பெருங்குறை.

ஐந்தாம் பதிப்பிலும் கலப்பு உண்டு, ஆனால் காலம் என்ற விலையோடு. ஐந்தாம் லெவல் அந்த விதிகளில் ஒரு மலைமேடு: போர்வீரருக்கு இரண்டாவது தாக்குதலும், மந்திரவாதிக்குச் சராசரியாக 28 சேதம் தரும் தீக்கோள மந்திரமும் அங்கேதான் கிடைக்கின்றன. மூன்று லெவல் போர்வீரரும் இரண்டு லெவல் மந்திரவாதியுமாகக் கலந்தவர் அந்த மேட்டில் நிற்கும்போது அவரிடம் இரண்டுமே இருக்காது. போர்வீரர் கிளாஸுக்குள்ளேயே சிறிது மந்திரம் கற்கும் உட்பிரிவைத் தேர்ந்தெடுத்தவர் தாக்குதலை இழப்பதில்லை. ஆனால் அதே தீக்கோளத்துக்கு அவர் பதின்மூன்றாம் லெவல் வரை காத்திருக்க வேண்டும். எது நல்லது? குறுகிய கேம்பெயின் என்றால் உட்பிரிவே மேல். ஏனென்றால் அதில் தவித்துக்கொண்டிருக்கும் காலம் குறைவு, தன் முதன்மை வேலையிலும் பின்தங்குவதில்லை. பத்தாம் லெவலைத் தாண்டி நிச்சயம் ஆடப்போகிறோம் என்று தெரிந்த மேசையில்தான் இரண்டு கிளாஸ்களைக் கலப்பதை நான் பரிந்துரைப்பேன். அப்போதும் ஒரு கிளாஸில் ஐந்தாம் லெவலை எட்டிய பிறகே அடுத்ததைத் தொடும்படி கேட்டுக்கொள்வேன்.

பாத்ஃபைண்டர் என்ற வேறோர் ஆட்டத்தின், 2019-இல் வந்த இரண்டாம் பதிப்பின் வழி இவற்றில் மிகக் கண்ணியமானது. இரண்டாம் லெவல் முதல் ஒருவர் தம் கிளாஸ் தரும் சிறப்புத் திறன் தேர்வுகளில் ஒன்றைச் செலவிட்டு வேறொரு கிளாஸின் வாசலுக்குள் நுழையலாம். அதன் பிறகும் ஒவ்வொரு தேர்வாகவே உள்ளே போக முடியும். அடிப்படை வளர்ச்சி தடைபடுவதே இல்லை. இழப்பது அலங்காரங்களை, அத்திவாரத்தை அல்ல. அந்த விதிகளில் பயிற்சியே இல்லாதவருக்கு லெவல் எண்கூடப் பகடையோடு கூட்டப்படுவதில்லை என்பதால், பத்தாம் லெவலில் வெறும் பயிற்சி பெற்றவருக்கும் இல்லாதவருக்கும் இடையே 12 புள்ளிகள் இடைவெளி விழுகிறது. 20 முகப் பகடையில் 12 என்பது பள்ளத்தாக்கு. ஆகவே எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் என்ற பாணரின் வாழ்க்கை அங்கே கடினம். தனித்திறன்களுக்கே அது ஏற்ற நிலம்.

நான்காம் பதிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2008-இல் வந்த அது காவலர், தாக்குபவர், தலைவர், களத்தைக் கட்டுப்படுத்துபவர் என்று நான்கு பங்குகளை வகுத்து ஒவ்வொரு கிளாஸையும் ஒன்றில் நிறுத்தியது. போர்க்களச் சமநிலை அதுவரை இல்லாத அளவுக்கு வந்தது. பூட்டுக்கும் பேச்சுக்கும் காட்டுவழிக்கும் அந்தப் பங்குகளில் விடை இல்லை.

ஒரு முறை, ஒரு செயல்

பலதிறன் கிளாஸ்களைக் கண்டு அஞ்சுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பத்துத் திறன்கள் இருந்தாலும் ஒருவருடைய முறை வரும்போது அவர் செய்யக்கூடியது பெரும்பாலும் ஒரே பெரிய செயல். வாள் வீசும் சுற்றில் பெரும்பாலும் முழுமையாகக் குணப்படுத்த முடியாது. குணப்படுத்தும் சுற்றில் பெரிய தாக்குதல் மந்திரத்தைப் பெரும்பாலும் ஏவ முடியாது. தாளில் எழுதியிருக்கும் திறன்களைக் கூட்டிப் பார்த்து ஒரு பாத்திரம் வலிமையானது என்று முடிவுகட்டுவது ஆகவே தவறு. ஒரு சுற்றில் நிபுணர் செய்வதைக் காட்டிலும் இவர் செய்வது சற்றே குறைவாக இருக்கும்வரை, பத்துத் திறன்கள் அல்ல, நாற்பது திறன்கள் இருந்தாலும் சமநிலை கெடுவதில்லை.

அதோடு, ஆடுபவரின் மனநிலையும் ஒரு விலைதான். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்ற பழமொழியை நான் மேசையில் கண்ணால் கண்டிருக்கிறேன்: புதிதாக வந்த ஒருவருக்கு ட்ரூயிடைக் கொடுத்தால், தம் முறை வரும்போது மூன்று தாள்களைப் புரட்டிக்கொண்டு தவிப்பார். அதே ஆளுக்கு ஒரு போர்வீரரையோ ரோக்கையோ கொடுத்தால் இரண்டாவது அமர்விலேயே மற்றவர்களுக்கு யோசனை சொல்லத் தொடங்கிவிடுவார். புதியவர்கள் நிறைந்த மேசைக்குத் தனித்திறன் கிளாஸ்களே பொருத்தம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

எத்தனை நாற்காலிகள்

இவ்வளவையும் ஒப்பிட்ட பிறகு, முடிவைத் தீர்மானிப்பது விதிநூலைக் காட்டிலும் மேசையைச் சுற்றி எத்தனை பேர் உட்காரப்போகிறார்கள் என்பதே என்று நான் கருதுகிறேன்.

இரண்டு அல்லது மூன்று பேர் என்றால் பலதிறன் கிளாஸ்களுக்கு முன்னுரிமை கொடுங்கள். போர், குணப்படுத்தல், பூட்டும் பொறியும், பேச்சு, மந்திர அறிவு என்று ஐந்து வேலைகளையாவது அந்த மூவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். மூன்று நிபுணர்களை வைத்தால் இரண்டு வேலைகள் அனாதையாகும். அவை வரும்போதெல்லாம் கேம் மாஸ்டர் கதையை வளைக்க வேண்டியிருக்கும். இவ்வளவு சிறிய குழுவில் பாணரும் கிளெரிக்கும், சிறிது மந்திரம் கற்ற போர்வீரரும் ஒருவரை ஒருவர் மிதிப்பதற்கு இடமே இல்லை. கலப்புக்குரிய விலையைக்கூட இங்கே தளர்த்தலாம். மிஞ்சப்படுவதற்கு நிபுணர் யாரும் இல்லாதபோது அந்த விலையால் யாருக்கும் பாதுகாப்பு கிடைப்பதில்லை.

நான்கு பேர் என்றால் மூன்று நிபுணர்களும் ஒரு பலதிறன் பாத்திரமும் என்ற அமைப்பே எனக்குத் தெரிந்து நன்றாக நிற்கிறது. ஒருவர் ஒரு வாரம் வரமுடியாமல் போனால் அந்த ஓட்டையை அடைக்க ஆள் இருக்கிறது. மற்ற நாள்களில் யாருடைய வேலையும் பறிபோவதில்லை. ஆனால் அந்தப் பலதிறன் பாத்திரத்தை ஏற்பவர் யார் என்பதைப் பொறுத்தே அதன் வெற்றி அமையும். எப்போதும் இரண்டாமிடத்தில் நிற்பதில் மகிழ்ச்சி காண்பவர், தம் பகடையைக் காட்டிலும் பக்கத்திலிருப்பவர் பகடைக்குக் கூட்டல் சேர்ப்பதில் சந்தோஷப்படுபவர் அதை எடுத்தால் மேசை செழிக்கும். எல்லாவற்றிலும் வெல்ல விரும்பி ஒருவர் அதை எடுத்தால், விதிகளில் எவ்வளவு விலை வைத்திருந்தாலும் போதாது.

ஐந்தும் ஆறும் என்றால் தயக்கமின்றித் தனித்திறன் பக்கம் நிற்பேன். ஆறு பேரில் ஒவ்வொருவருக்கும் ஓர் அமர்வில் கிடைக்கும் நேரமே சொற்பம். அந்தச் சொற்ப நேரத்தில் தம் பெயர் சொல்லிக் கூப்பிடப்படும் ஒரு வேலை ஒவ்வொருவருக்கும் வேண்டும். இரண்டு பேருடைய வேலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், அவர்களில் அமைதியானவர்தான் ஒதுங்கிப்போவார். அப்படி ஒதுங்கியவர் பல வாரங்களுக்குப் பிறகு வராமலே நின்றுவிடுவதையும் பார்த்திருக்கிறேன்.

கோபுரக் கதவுக்குப் பிறகு நான் தொடங்கிய ஒவ்வொரு கேம்பெயினிலும், பாத்திரத் தாள்களைக் கொடுப்பதற்கு முன்பே ஆளுக்கொரு துண்டுச் சீட்டைக் கொடுக்கிறேன். இந்தக் குழுவில் எந்த வேலை வந்தால் எல்லாரும் உங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஒரே வரியில் எழுதச் சொல்கிறேன். சீட்டுகளை மேசைமேல் விரித்து வைத்து, ஒரே வேலையை இருவர் எழுதியிருந்தால் அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்கிறோம். யாரும் எழுதாத வேலைகள் எவையோ, அவையெல்லாம் பலதிறன் பாத்திரத்தை ஏற்பவருடையவை. பிறகு மந்திரப் பட்டியலைப் புரட்டி, சீட்டில் எழுதப்பட்ட வேலையை விலையில்லாமல் செய்துவிடும் மந்திரங்களுக்கு அருகே ஒரு நிபந்தனையைப் பென்சிலால் எழுதுகிறோம்: ஓசை எழும், அல்லது பத்து நிமிடம் ஆகும், அல்லது நிபுணர் தோற்ற பிறகே செலுத்தலாம். எல்லாரும் மூன்றாம் லெவலை எட்டும் அமர்வில் அந்தச் சீட்டுகளை மறுபடி எடுத்துப் படிக்கிறோம். தம் சீட்டில் எழுதியது ஒருமுறைகூட நடக்கவில்லை என்று யாராவது சொன்னால், அவர் கிளாஸை மாற்றிக்கொள்ளலாம், அனுபவப் புள்ளிகளில் ஒன்றுகூடக் குறையாது.